மலை ஏறியவரின் தட்டில் நாற்காலியில் இருப்பவர் சாப்பிட்டால்: எடை குறைக்கப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டில் ஒரு எனாமல் தட்டு இருக்கிறது. நீல ஓரம், இரண்டு இடத்தில் பூச்சு உதிர்ந்து கறுத்துப்போனது. அம்மாயி சாப்பிட்ட தட்டு. விடிய, தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னால் ஒரு ரொட்டி, அதன் பிறகு நாள் முழுவதும் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஏற்றமும் இறக்கமும், நிறுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் மலை. இருட்டிய பிறகு அந்தத் தட்டில் சோறு குவியும். ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. அப்படிச் சாப்பிட்டும் கடைசிவரை ஒட்டிய வயிறுதான்.

அதே தட்டில்தான் நானும் சாப்பிட்டு வளர்ந்தேன். எனக்கு ஹட்டன் டவுனில் கணக்கெழுதும் வேலை. காலையில் பஸ், பகலில் நாற்காலி, மாலையில் பஸ். 68 கிலோவாக இருந்தவன் மூன்றே வருடத்தில் 81 ஆனேன். நான் புதிதாக எதையும் அதிகமாகச் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். அது உண்மையும்கூட. அம்மாயி சாப்பிட்ட அளவையேதான் சாப்பிட்டேன்.

இலங்கையின் மலையகத்தில் எடை குறையவில்லை என்று புலம்பும் பலரிடம் பேசினால் இதே கதைதான் வருகிறது. கடையில் நிற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், ஆசிரியர், வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து வீட்டோடு இருக்கும் அக்கா. மலையில் வேலை செய்த உடம்புக்குப் போட்ட அளவு அப்படியே சமையலறையில் தங்கிவிட்டது. மனக்கட்டுப்பாடு இல்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொள்பவர்கள் முதலில் அளவைப் பார்க்க வேண்டும்.

கண்ணை நம்புவது

சோறு போடும்போது யாரும் அளப்பதில்லை. அகப்பைக்குத் தெரியும், கைக்குத் தெரியும் என்று போடுகிறோம். ஒருநாள் மதியம் கடையில் வாங்கிய சோற்றுப் பார்சலைப் பிரித்து, கறிகளை ஒதுக்கிவிட்டு, சோற்றை மட்டும் தேத்தண்ணிக் கோப்பையால் அளந்து பார்த்தேன். அமுக்காமல் அளந்தே நாலு கோப்பை வந்தது. ஒரு கோப்பைச் சோறு ஏறத்தாழ 150 கிராம், அதில் சுமார் 200 கலோரி. அப்படியென்றால் பருப்பும் பொரித்த கருவாடும் அப்பளமும் சேர்வதற்கு முன்பே 800 கலோரி. உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஒரு முழு நாளைக்கே 1,800 கலோரி அளவில் போதும்.

சோற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு மட்டும் கோப்பையால் அளந்து போட்டுப் பாருங்கள். பழைய அளவு எத்தனை கோப்பை என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. நாலு கோப்பை சாப்பிடுகிறவர் மறுநாளே ஒன்றுக்கு இறங்க வேண்டாம், மூன்றாம் நாள் தாங்காமல் ஐந்து கோப்பை போட்டுக்கொள்வார். மூன்றாக்கி இரண்டு வாரம் இருங்கள், அப்புறம் இரண்டரை. பார்சல் வாங்கினால் பிரித்த உடனேயே மூன்றில் ஒரு பங்கை எடுத்து மூடி வைத்துவிடுங்கள். சாப்பிட்டு முடியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எடுத்து வைக்க ஒன்றும் இருக்காது.

பெரிய தட்டை மாற்றுவதும் உதவும். நான் எனாமல் தட்டை மேலே எடுத்து வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

இன்னொன்று, வேகம். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். நம்மில் பலர் ஏழெட்டு நிமிடத்தில் கை கழுவிவிடுகிறோம். அந்த இடைவெளியில்தான் இரண்டாவது அகப்பை விழுகிறது.

சோற்றை விட்டு ரொட்டிக்குப் போவது

இதைத்தான் எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் செய்கிறார்கள். நானும் செய்தேன். 'ராவைக்குச் சோறு சாப்பிடுறதில்ல, ரெண்டு ரொட்டிதான்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு எட்டு மாதம் அலைந்தேன். எடை ஏறியது.

கடைசியில் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, அம்மா மா பிசையும்போது பக்கத்தில் நின்றேன். அரைக்கிலோ கோதுமை மா, அரைமூடித் தேங்காய்ப் பூ, உப்பு, கொஞ்சம் வெங்காயமும் பச்சை மிளகாயும். அதில் ஆறு ரொட்டி. நம்முடையது சப்பாத்தி மாதிரி மெல்லியது இல்லை, கையால் தட்டிக் கல்லில் போடும் தடித்த ரொட்டி. மா மட்டுமே ஒரு ரொட்டிக்கு 80 கிராமுக்கு மேல், கிட்டத்தட்ட 300 கலோரி. தேங்காயும் சேர்ந்தால் 350ஐத் தாண்டும். அதாவது ஒரு ரொட்டி என்பது இரண்டு கோப்பைச் சோற்றுக்குச் சற்றுக் குறைவு. நான் பெருமையாகத் தின்ற இரண்டு ரொட்டி மூன்றரைக் கோப்பைச் சோறு. சம்பலில் இருந்த தேங்காய் தனி.

பாணும் இதே கதைதான். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம். அரை இறாத்தலைப் பருப்போடு முடித்துவிட்டு 'ஒன்னும் சாப்பிடல, பாண்தான்' என்கிறோம். அந்த 'ஒன்னும்' 550 கலோரிக்கு மேல்.

ரொட்டி கூடாது என்று இல்லை. அதே அரைக்கிலோ மாவில் பத்து ரொட்டி தட்டுங்கள். ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. தொட்டுக்கொள்ளச் சம்பலுக்குப் பதில் பருப்போ முட்டையோ மீன் கறியோ இருந்தால் பசி நெடுநேரம் தாங்கும். பருப்பும் முட்டையும் மீனும் தருகிற புரதம் வயிற்றை அடக்குவது போல மா அடக்குவதில்லை.

தேத்தண்ணியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

குளிர் ஊரில் இருந்துகொண்டு தேத்தண்ணி குடிக்காதே என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் சொல்ல மாட்டேன். வெறும் சாயத்தில் கலோரியே இல்லை என்று சொல்லிவிடலாம். பிரச்சினை சீனி. எழும்பியதும் ஒன்று, வேலைக்கு வந்ததும் ஒன்று, பத்து மணிக்கு, மதியம் கழிந்து, மாலையில், யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களோடு சேர்ந்து என்று ஆறு கோப்பை சுலபமாக ஆகிவிடும். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் ஒரு நாளைக்கு 60 கிராம் சீனி, 240 கலோரி. கடதாசிக் கணக்கில் மாதம் ஒரு கிலோ கொழுப்புக்குக் கிட்ட. உடம்பு அவ்வளவு நேராகக் கணக்குப் பார்க்காது, ஆனாலும் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிகிறதல்லவா? உலக சுகாதார நிறுவனம் சேர்த்துக்கொள்ளும் சீனி மொத்தக் கலோரியில் 10 வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. 2,000 கலோரிக்கு அது 50 கிராம். பாதியாக்கினால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. நாம் தேத்தண்ணியிலேயே தாண்டிவிட்டோம், பணிஸும் பிஸ்கட்டும் இன்னும் வரவில்லை. பால்மா போட்டுக் குடிப்பவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, பத்து நாள் கழித்து ஒன்றாக்கினால் நாக்கு பழகிவிடும். சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கும் பழைய பழக்கத்தில் ஒரு நன்மை உண்டு, எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும்.

சீனிக்குப் பதில் தேன், கருப்பட்டி, கித்துள் பாணி என்று போவதும் தவறுதான். ருசி வேறு, கணக்கு ஏறத்தாழ ஒன்று. போத்தல் பானங்களில் சீனி அளவைக் காட்டும் நிறக் குறி 2016ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் இருக்கிறது. சிவப்பு என்றால் சீனி அதிகம். வாங்கும்போது ஒரு தடவை பாருங்கள்.

கிழங்கை மரக்கறி என்று எண்ணுவது

நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கமிருந்து கரட்டும் லீக்ஸும் கோவாவும் லொறி லொறியாகத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இறங்குகின்றன. விளைகிற ஊரில், தட்டில் பார்த்தால் சோற்று மலையடியில் ஒரு கரண்டி போஞ்சி. பக்கத்தில் பெரிதாக உருளைக்கிழங்குக் கறி. கிழங்கு கெட்டதில்லை. 100 கிராம் அவித்த கிழங்கில் சோற்றைவிடக் குறைந்த கலோரிதான். ஆனால் அது சோற்றின் இடத்தில் வர வேண்டிய சாமான். சோற்றோடு கூட வந்தால் சோற்றையே இரண்டு தடவை போட்ட மாதிரி.

தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ என்று பிரித்துக்கொண்டால் வயிறும் நிறையும், கலோரியும் குறையும். வல்லாரைச் சம்பல், கோவா சுண்டல், கரட் எல்லாம் இந்தப் பாதியில் சேரும். ஒரு எச்சரிக்கை: லீக்ஸை எண்ணெயில் நீந்த விட்டு வதக்கினால் பலன் போய்விடும். ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெய் 120 கலோரி. போத்தலைச் சரிக்காமல் கரண்டியில் ஊற்றுங்கள்.

இந்தப் பாதித் தட்டு விருந்துக்குப் போன இடத்திலும் கைகொடுக்கும். நம் வீடுகளில் 'போதும்' என்றால் யாரும் நம்புவதில்லை, 'என்னா, கறி நல்லா இல்லையா?' என்று இன்னொரு அகப்பை வந்துவிழும். 'சோறு இருக்கட்டும் அத்தை, அந்தக் கோவாவைக் கொஞ்சம் போடுங்க' என்று கேட்டுப் பாருங்கள். போடுகிறவருக்கும் திருப்தி.

காலையில் பட்டினி, இரவில் பழிவாங்கல்

காலைச் சாப்பாட்டை விட்டு, மதியத்தையும் பிஸ்கட்டோடு ஓட்டிவிட்டு, இரவு ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைபவருக்கு அளவு, கோப்பை எதுவும் ஞாபகம் இருக்காது. மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடுவது சலிப்பான யோசனைதான், ஆனால் வேலை செய்கிறது. சீனி வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளையை விடவே கூடாது. இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கி மயங்கி விழலாம்.

நடையை அதிகமாகவும் தராசை அடிக்கடியும் நம்புவது

நடப்பது இருதயத்துக்கும் சீனிக்கும் பிரஷருக்கும் நல்லது. ஆனால் ஒரு தடித்த ரொட்டியைச் சரிக்கட்ட, 70 கிலோ ஆள் சமதரையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். ஏற்றத்தில் நேரம் குறையும், நம் ஊரில் ஏற்றத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் காய்ந்த மாலைக்குத்தான். மழை, மூடுபனி, காலில் ஏறும் அட்டை. ஆகவே எடை குறைவதில் பெரும்பங்கு தட்டில்தான் நடக்க வேண்டும்.

அப்புறம் தராசு. ஒருநாள் பாமசியில் கம்பளி ஸ்வெட்டரும் சப்பாத்துமாக ஏறி நிற்பது, மறுவாரம் வேறு கடையில் வேறு தராசில் நின்றுவிட்டு மனம் உடைவது. உடம்பில் இருக்கும் தண்ணீர் மட்டுமே ஒரு நாளைக்குள் ஒரு கிலோ வரை ஏற்றி இறக்கும். முதல் வாரத்தில் சட்டென்று இரண்டு கிலோ குறைந்தாலும் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான், கொண்டாட அவசரம் வேண்டாம். வாரம் ஒரு தடவை, ஒரே தராசில், காலையில், ஸ்வெட்டர் இல்லாமல் பாருங்கள். வாரம் அரைக்கிலோ குறைந்தால் போதும், நல்ல வேகம். இரண்டு மூன்று மாதத்தில் நின்றுபோனாலும் பயப்பட வேண்டாம். மெலிந்த உடம்புக்குத் தேவை குறைந்துவிட்டது, அளவை இன்னொரு தடவை பார்க்கும் நேரம் அது.

தராசைவிட இடுப்பு நாடா நேர்மையானது. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் கவனம். ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் (கிலோ எடையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் BMI) 23ஐத் தாண்டும்போதே சீனி வியாதி, இருதய நோய் ஆபத்து கூடத் தொடங்குகிறது. 25 வரை பரவாயில்லை என்பது நமக்குப் பொருந்தாது.

மெலிகிற தூள், 'கொழுப்பு கரைக்கும்' தேயிலை என்று போனில் வருவதைப் பற்றி ஒரே வரி: சிபுட்ராமின் என்ற மருந்தை இருதய ஆபத்து காரணமாக 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுத்தார்கள், அதை இரகசியமாகக் கலந்த மெலிவுப் பொருட்கள் அதற்குப் பிறகும் பிடிபட்டிருக்கின்றன. தேயிலை ஊர்க்காரர்களிடமே தேயிலையைக் காட்டி ஏமாற்றுவது கொஞ்சம் அதிகம்தான்.

வீட்டையே டயட்டில் போடுவது

இந்தத் தவறுதான் எனக்குக் கவலை தருவது. அப்பாவுக்கு எடை கூடியது என்று வீட்டில் முட்டையும் பாலும் நிற்கக் கூடாது. 2016 மக்கள்தொகை சுகாதார ஆய்வில் தோட்டப் பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 32 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டின் சராசரி 17 வீதம். தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில், ஒரே அடுப்பில், பெருத்த வயிறும் வளராத பிள்ளையும் சேர்ந்தே இருக்கலாம். பெரியவர் சோற்றைக் குறைக்கட்டும், பிள்ளைக்கு முட்டை இருக்கட்டும். பிள்ளை மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாது என்று அம்மாவே தின்று முடிப்பதும் வேண்டாம். முதலில் கொஞ்சமாகப் போட்டுவிட்டு, கேட்டால் இன்னும் போடுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் மருத்துவிச்சியைக் கேட்காமல் எதையும் குறைக்கக் கூடாது.

35 வயது தாண்டியவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். எடை, பிரஷர், இரத்தச் சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். நான் போன அன்று 81. இப்போது பத்து மாதம் ஆகிறது, 75இல் நிற்கிறேன், தீபாவளியோடு ஒன்று கூடி மறுபடி இறங்கியது. டவுனில் பார்ப்பவர்கள் நல்லாயிருக்கு என்கிறார்கள். அம்மா மட்டும் போன கிழமையும் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.