அலுமினிய ஹெட்டை அரிக்கும் கூலன்ட் தவறுகள்

"நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது? ரேடியேட்டருக்குத் தண்ணியே போதும்" என்பார்கள். பனிக்கட்டி ஆகாமல் தடுப்பது கூலன்ட்டின் ஒரு வேலைதான். இன்றைய பெரும்பாலான கார்களில் ஹெட்டும் (இன்ஜினின் மேல்பாகம்) ரேடியேட்டரும் அலுமினியம். அவற்றை அரிக்காமல் காப்பதற்காகவே நமக்குக் கூலன்ட் வேண்டும்.

அலுமினியத்தின் மேல் தானாகவே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும். அதுதான் அதற்குக் கவசம். அமிலம் மிஞ்சினாலும் காரம் மிஞ்சினாலும் அந்தப் படலம் கரையும். குளோரைடு உப்போ அங்கங்கே ஊசிமுனை அளவில் துளைத்து உள்ளே இறங்கிவிடும். போர் தண்ணீரில் அந்த உப்பும் உண்டு, ரேடியேட்டர் குழாயில் படியும் சுண்ணாம்பும் உண்டு. கான்சன்ட்ரேட்டில், அதாவது தண்ணீர் சேர்க்காத கூலன்ட்டில், கலக்க டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. வீட்டு ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும்.

பாதிக்குப் பாதி கலவை பொதுவாகப் பொருந்தும். "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றுவதும் தப்பு. அதில் உள்ள முக்கியத் திரவமான கிளைக்கால் (glycol) தண்ணீர் அளவுக்குச் சூட்டைக் கடத்தாது.

"கலர் நல்லாத்தானே இருக்கு" என்று வருடக்கணக்கில் மாற்றாமல் விடுகிறார்கள். கலர் வெறும் சாயம். சூட்டிலும் காற்றிலும் கிளைக்கால் மெல்ல அமிலமாகிறது. அரிப்பைத் தடுக்கும் மருந்தும் கரைந்து தீர்கிறது. பழைய சிலிக்கேட் வகை ஏறக்குறைய 2 வருடம், ஆர்கானிக் ஆசிட் வகை 5 வருடம் வரை தாங்கும். உங்கள் வண்டிக்கு மேனுவல் சொல்வதே கணக்கு. கலரை வைத்து வகையையும் தீர்மானிக்க முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வகை தெரியாத கூலன்ட்டைக் கலப்பதைவிட, அவசரத்துக்குக் கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதே மேல்.

அரிப்பு தொடங்கிய வண்டியில் ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கழற்றினால், கிளாம்ப் இருந்த இடத்தில் அலுமினியக் கழுத்தில் வெள்ளைப் பொடியும் அதற்கடியில் சொத்தையும் தெரியும். அதன் மேலேயே புது கிளாம்ப் போட்டு முறுக்கினால் ஒழுகல் நிற்காது. சொத்தை ஆழமாக இருந்தால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும்.

பலர் பார்க்காதது எர்த் வயர், அதாவது கரன்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வயர். எர்த் சரியில்லாவிட்டால் ஃபேன் மோட்டார் கரன்ட் கூலன்ட் வழியாகத் திரும்பும். புது ரேடியேட்டர்கூட சீக்கிரமே ஓட்டையாகும். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்ட்டிலும் வையுங்கள். ஃபேன், ஹெட்லைட் என ஒவ்வொன்றாகப் போடும்போது 0.3 வோல்ட்டைத் தாண்டினால் அந்த சர்க்யூட்டின் எர்த்தைப் பாருங்கள். எல்லாம் ஆஃபாக இருக்கும்போதே அவ்வளவு காட்டினால், கூலன்ட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.