பழுது பார்க்க வருபவரின் வண்டி எங்கே நிற்கும்? சென்னை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஒரு வீட்டுக்குக் குழாய் வேலைக்கோ மின்வேலைக்கோ வருபவர், கருவிப் பையைத் திறப்பதற்கு முன்பே ஒரு சிக்கலைத் தீர்த்தாக வேண்டியிருக்கிறது. கொண்டுவந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்பதே அது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம் போன்ற பகுதிகளின் உட்தெருக்கள் வீட்டுக்கொரு கார் இருக்கும் என்று எவரும் நினைத்துப் பார்க்காத காலத்தில் அமைந்தவை. இன்று அவற்றின் இரு ஓரங்களிலும் அங்கேயே குடியிருப்பவர்களின் வண்டிகள் நிற்கின்றன; நடுவில் எஞ்சும் இடைவெளியில்தான் தண்ணீர் லாரியும் பள்ளி வேனும் குப்பை வண்டியும் போய்வர வேண்டும். இந்த நிலைமைக்குப் பழுது பார்ப்பவரும் காரணமல்ல, அவரை அழைத்த வீட்டுக்காரரும் காரணமல்ல. ஆனால் இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளாததால் வரும் நஷ்டம் பெரும்பாலும் பழுது பார்ப்பவர் தலையில்தான் விழுகிறது.

ஆகவே, முதல் தவறு தொலைபேசியிலேயே நடந்துவிடுகிறது. என்ன பழுது, எவ்வளவு ஆகும், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று எல்லாம் பேசி, வாட்ஸ்அப்பில் லொகேஷனையும் அனுப்பிவிடுகிறோம். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. லொகேஷன் வாசலைக் காட்டுமே தவிர, அந்த வாசலில் இடம் இருக்கிறதா என்பதைக் காட்டாது. “அண்ணே, பைக்ல வர்றீங்களா, லோடு ஆட்டோவா? எங்க தெருவுல கார் நிக்காது, ஆனா பின்பக்கத் தெருவுல இடம் இருக்கும்” என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அவர் சொல்லாவிட்டால், “சார், வண்டியை எங்க விடலாம்?” என்று வேலைக்காரர் கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. அந்தத் தயக்கம் தேவையற்றது. ஏணியும் ஆளும் எவ்வளவு முக்கியமோ, வண்டி நிற்கும் இடமும் வேலைக்கு அவ்வளவு முக்கியம்.

அடுக்ககங்களில் இதைவிடப் பெரிய தவறு நடக்கிறது. வேலைக்கு வருபவர்களின் வண்டிகள் வெளியேதான் நிற்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் பொத்தாம்பொதுவாக ஒரு விதி போட்டுவிடுகிறது; அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு வாட்ச்மேனிடம் விடப்படுகிறது. அந்த விதியின் விலை என்ன என்பதை, ஏ.சி. மெக்கானிக் ஒருவரின் வேலையை அருகிலிருந்து பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும். ஒரு ஸ்பிளிட் ஏ.சி.யில் வாயுக் கசிவைச் சரிசெய்ய அவருக்கு வாயு உருளை, வேக்குவம் பம்ப், அழுத்தமானி, செம்புக் குழாயை விரிக்கும் கருவி, பற்றவைப்புச் சாமான்கள் எல்லாம் வேண்டும். இவ்வளவையும் ஒருவர் ஒரே நடையில் மூன்றாம் மாடிக்குத் தூக்கிச் செல்ல முடியாது. பைக் வளாகத்துக்குள் நின்றால் லிஃப்டுக்கும் வண்டிக்கும் இரண்டு நடையில் வேலை முடிந்துவிடும். அடுத்த தெருவில் நின்றால், ஒவ்வொரு முறை ஏதேனும் தேவைப்படும்போதும் கேட்டைத் தாண்டிப் போய், பதிவேட்டில் மறுபடி கையெழுத்திட்டு, திரும்பி வர வேண்டும். மீதிச் சாமான்கள் வண்டியிலேயே கிடக்கும். அவற்றைக் காவல் காப்பவர் யாருமில்லை. இப்போது வரும் பல ஏ.சி.களில் உள்ள ஆர்-32 வாயு ஓரளவு தீப்பற்றும் தன்மை உடையது. அதன் உருளையைக் கோடை வெயிலில் நடுத்தெருவில் வண்டியோடு கட்டிவைத்துவிட்டுப் போவது எந்த வகையிலும் பாதுகாப்பானதல்ல.

இத்தனைக்கும் பெரிய அடுக்ககங்களில் வெளியிலிருந்து வருபவர்களின் வண்டிகளுக்கென்று இடம் வரைபடத்திலேயே ஒதுக்கப்பட்டிருப்பது உண்டு. காலப்போக்கில் அது இரண்டாவது கார் வாங்கியவரின் நிரந்தர இடமாக மாறிவிடுகிறது என்பதே நடைமுறை. சங்கத்தின் கூட்டத்தில் இதைப் பேசி, வேலைக்கு வரும் வண்டிக்கென்று ஒரே ஓர் இடத்தையாவது பகல் நேரத்தில் மீட்டுவைப்பது முடியாத காரியமல்ல. அது முடியும் வரை, பழுது பார்க்க ஆளை அழைத்த வீட்டுக்காரர் வாட்ச்மேனிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து போன் செய்து, “உள்ளே போகச் சொன்னேன்னு சொல்லுங்க” என்று வந்தவரையே தூது போகச் சொல்வது, வாட்ச்மேன், வந்தவர் என்ற இரண்டு தொழிலாளிகளை ஒருவரோடு ஒருவர் மோதவிடுவதில்தான் முடியும்.

தனி வீடுகள் உள்ள தெருக்களில் வேறொரு சிக்கல். “கேட்டுக்கு முன் வண்டி நிறுத்தாதீர்கள், மீறினால் காற்று இறக்கப்படும்” என்ற பலகையைச் சென்னையில் பார்க்காதவர் இருக்க முடியாது. பலகையின் முதல் பாதி நியாயமானது. ஒரு வீட்டின் வாசலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் உள்ளது. அந்த வீட்டில் ஒரு முதியவரை அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கலாம். இரண்டாவது பாதி நியாயமற்றது. பிறர் வண்டியின் டயரில் கைவைக்கும் உரிமை எந்த வீட்டுக்காரருக்கும் கிடையாது. அதேபோல், மதில் சுவரை ஒட்டிய பொதுச்சாலையில் பூந்தொட்டிகளையும் கற்களையும் அடுக்கி, சங்கிலி கட்டித் தமக்கென்று இடம் பிடிப்பதற்கும் உரிமை கிடையாது. அப்படி இடம் பிடித்தவரே தம் வீட்டு மோட்டார் பழுதானால், “எங்கேயாவது ஓரமா விட்டுட்டு வாங்க” என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்வதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

“ஐந்து நிமிட வேலைதானே” என்று எண்ணி நிறுத்துவது பழுது பார்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் மிகச் சாதாரணமானது. வாஷர் மாற்றப் போன இடத்தில் குழாயே கையோடு வந்துவிடுவது இந்தத் தொழிலில் வாடிக்கை. ஐந்து நிமிடம் ஒரு மணி நேரமாகிவிடும். பிறருக்கு ஆபத்தோ இடையூறோ ஏற்படும்படி பொது இடத்தில் வண்டியை விட்டுச் செல்வது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 122-ஆவது பிரிவின்படி குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உயர்த்தப்பட்ட அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அதன்படி நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய். சிறு பழுதுக்குக் கிடைக்கும் கூலியை முதல் அபராதமே விழுங்கிவிடும். நிறுத்தம் தடைசெய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல 127-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. அதற்கான செலவும் உரிமையாளரையே சேரும். எச்சரிக்கை விளக்கை எரியவிட்டால் போதும் என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை.

வேறு வழியின்றி நெருக்கடியான தெருவில் நிறுத்த நேர்ந்தால், எந்த வீட்டில் வேலை செய்கிறார், எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்று எழுதிய அட்டை ஒன்றை வண்டியின் மேல் பார்வைக்குத் தெரியும்படி வைப்பது நல்லது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோபம் வருவதே, வண்டி யாருடையது என்று தெரியாமல் தெரு முழுக்க விசாரிக்க வேண்டியிருப்பதால்தான். மின்மாற்றிப் பெட்டி, தெருமுனை வளைவு, பள்ளி, மருத்துவமனை வாசல் ஆகிய இடங்களில் மட்டும் அட்டை வைத்தும் நிறுத்தக் கூடாது.

டைல்ஸ், மரப்பலகை, கழிவறைச் சாமான்கள் போன்றவற்றை ஏற்றிவரும் ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டியின் நிலை இன்னும் கடினம். முக்கால் டன் சுமையோடு வரும் அந்த வண்டியைச் சாலையை அடைக்காமல் ஒதுக்கலாம் என்று நடைபாதையில் ஏற்றுவது வழக்கம். சென்னையில் பல நடைபாதைகள் மழைநீர் வடிகாலின் மூடிப் பலகைகள்தாம். அவை ஆள் நடக்கப் போடப்பட்டவை. பின்சக்கரம் ஏறினால் பலகை உடைந்து வண்டி ஒரு பக்கமாகச் சாயும், சாமானும் நொறுங்கும், அந்தப் பள்ளத்தில் நாளை ஒரு குழந்தையும் விழலாம். ஆகவே, சாமான் இறக்குவதையும் வேலை செய்வதையும் ஒரே நிகழ்வாகக் கருதாமல் பிரித்துக்கொள்ள வேண்டும். காலை நெரிசல் தொடங்குவதற்கு முன்பாகவே வண்டியை வரச்சொல்லி, வீட்டுக்காரர் தம் காரை அந்த நேரத்துக்கு மட்டும் வெளியே எடுத்துவைத்து, இறக்க ஒரு ஆளையும் கூடச் சேர்த்துக்கொண்டால், வண்டி விரைவில் போய்விடும். பிறகு தச்சரோ டைல்ஸ்காரரோ பைக்கில் வந்து நாள் முழுக்க வேலை செய்யலாம். ஓட்டுநர் வண்டியை விட்டு நகரக் கூடாது. ஆள் இருக்கும் வண்டியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடலாம், ஆளில்லாத வண்டிதான் சண்டையாகிறது.

மழைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன என்றால், அந்தப் பகுதித் தெருக்களில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மோட்டாரோ இன்வெர்ட்டரோ பழுதாவதும் அந்த நாள்களில்தான். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது, “வண்டி வரும், வாங்க” என்று சொல்லி ஒருவரை வரவழைக்கக் கூடாது. வடிகால் பள்ளம் எங்கே திறந்திருக்கிறது என்பது அந்தத் தெருவில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

கடைசியாக, பணம். வண்டி நிறுத்தக் கட்டணமோ அபராதமோ வந்தால் அதை யார் கொடுப்பது என்ற பேச்சு, வேலை முடிந்து கூலி கொடுக்கும் வேளையில் எழக் கூடாது. கட்டண நிறுத்துமிடத்தில்தான் விட முடியும் என்றால், அந்தக் கட்டணம் சாமான் விலையைப் போலவே வீட்டுக்காரரின் கணக்கில் சேர வேண்டும் என்பதே என் கருத்து. வீட்டுக்காரர் காட்டிய இடத்தில் நிறுத்தி அபராதம் விழுந்தால் அவரே அதை ஏற்க வேண்டும். அவர் வேண்டாமென்று சொல்லியும் வசதிக்காக வாசலை மறித்து நிறுத்தியிருந்தால், வேலைக்காரர் ஏற்க வேண்டும். இப்போது அபராதம் பெரும்பாலும் இ-சலானாக, அதாவது மின்னணு அபராதச் சீட்டாக, பதிவெண்ணின் பேரில் வருவதால், நிறுத்திய நேரத்தில் தெரியாமல் போகவும் வாய்ப்புண்டு. வேலை முடிந்து ஓரிரு நாளில் மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் இணையதளத்தில் பதிவெண்ணைக் கொடுத்துப் பார்த்துவிட்டால், யார் வீட்டு வேலையின்போது விழுந்தது என்பது நினைவில் இருக்கும்போதே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.