தமான் நெகாராவில் அட்டைக்கடிக்கு மலிவான தடுப்பு

மலேசியாவின் தமான் நெகாரா காட்டில் நடக்கப் போகிறீர்களா, நெருக்கமாக நெய்த நீளமான சாக்ஸ் போட்டு, பேன்ட்டின் அடிப்பகுதியை அதற்குள் செருகிக்கொள்ளுங்கள். பெரும்பாலான அட்டைகள் தரையில் உதிர்ந்து கிடக்கும் ஈர இலைகளிலிருந்துதான் ஷூவில் தொற்றும், அப்புறம் தோல் கிடைக்கும்வரை மேலே ஏறிக்கொண்டே இருக்கும், பேன்ட் தளர்வாகத் தொங்கினால் உள்ளே புகுந்துவிடும், செருகியிருந்தாலோ துணிக்கு வெளியே ஊரும்போதே கண்ணில் படும், சுண்டிவிடலாம். பின்னல் தளர்ந்த பழைய சாக்ஸ் வேண்டாம், இடுக்கு வழியாகவே கடிக்கும். உப்பும் புகையிலையும் கூட வேலை செய்யும்தான், ஆனால் மழையிலும் ஓடையிலும் கரைந்து போகும், அங்கே இரண்டுக்கும் பஞ்சமில்லை.

செடி இலைகளில் காத்திருந்து இடுப்பிலோ கையிலோ ஒட்டும் புலி அட்டையிடம் இது பலிக்காது, அதற்குச் சட்டையையும் பேன்ட்டுக்குள் விட்டுக்கொண்டு அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். காட்டின் நுழைவாயில் கிராமமான கோலா தஹானில் தங்கி, அங்கே ஓடும் தெம்பெலிங் ஆற்றில் படகுச் சவாரி மட்டும் போகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை, செருப்பே போதும்.