மானாவாரிச் சோளத்தை வறட்சிக்குப் பழக்குவது எப்படி?

எந்த டானிக்கும் தண்ணீருக்கு ஈடாகாது. உரக்கடையில் அடுக்கியிருக்கும் பாட்டில்கள் வேறு மாதிரி சொல்லும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மழைக்கு நடுவே விழும் இடைவெளியைப் பயிர் தாங்கும்படி செய்யலாம், அவ்வளவுதான். பல்லடம், காங்கேயம் பக்கம் மேட்டுக்காட்டில் மாட்டுத் தீவனத் தட்டுக்காகச் சோளம் போடுபவர்களுக்கு அதுவே பெரிய உதவி. உழவு, அடியுரம் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

விதையைக் கடினப்படுத்துதல்

விதையை உரக்கரைசலில் ஊறவைத்து, மறுபடி காயவைத்து விதைப்பதுதான் இது. செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் என் கணக்கில் இதுதான் முதலிடம். 10 கிலோ விதைக்கு மூன்றரை லிட்டர் தண்ணீர், அதில் 70 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். அதாவது 2 சதவீதக் கரைசல். கடையில் இந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பார்கள்; சொட்டுநீரில் விடுகிற 00:52:34 என்று கேளுங்கள், உடனே எடுத்துத் தருவார்கள். கரைத்து, விதையைக் கொட்டி 6 மணி நேரம் ஊறவிட வேண்டும். ராத்திரி போட்டுக் காலையில் எடுக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். விதைக்குள் முளைக்கிற வேலை தொடங்கியிருக்க வேண்டும், முளை வெளியே வந்திருக்கக் கூடாது. முளை எட்டிப் பார்த்த பிறகு காயவைத்தால் அந்த விதை வீண்.

அடுத்தது காயவைப்பது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மேல்தோல் சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அதனால் தராசை நம்புங்கள். ஊறப்போடும் முன் 10 கிலோ இருந்தால், காய்ந்த பிறகும் 10 கிலோவுக்குத் திரும்ப வேண்டும். 11 கிலோ காட்டினால் இன்னும் ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே இருக்கிறது என்று பொருள். அப்படியே மூட்டை கட்டினால் சூடேறிப் பூசணம் பிடிக்கும். வெயில் கூடாது, சிமெண்ட் களமும் வேண்டாம். சாளைக்குள், அதாவது கூரை நிழலில், சாக்கு விரித்து மெலிசாகப் பரப்பி, அவ்வப்போது கையால் புரட்டிவிடுங்கள். தொங்கு தராசே போதும், ஆனால் உரத்தை நிறுக்கச் சின்ன எலெக்ட்ரானிக் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பிடிக் கணக்கு இங்கே எடுபடாது.

தெளிப்பு

மத்தியானம் இலை சுருண்டு, பொழுது சாயும்போது விரிகிறதா? அதுதான் தெளிக்கிற சமயம். விடிந்த பிறகும் சுருண்டே கிடந்தால் தெளிப்பை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு வழி பாருங்கள்.

10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம் பொட்டாஷ், அதாவது 1 சதவீதம். இலைத்துளைகள் திறந்து மூடுவதற்குப் பொட்டாஷில் உள்ள சாம்பல் சத்து வேண்டும். சிவப்பு பொட்டாஷில் கரையாத கசடு உண்டு, நாசில் அடைத்துக்கொள்ளும். நான் வெள்ளையைத்தான் வாங்குவேன். எதுவானாலும் வேட்டித்துணியில் வடிகட்டுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் பாதி மருந்து பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும், அதனால் விடியற்காலையே முடித்துவிடுவது நல்லது.

இன்னொரு வழி பி.பி.எஃப்.எம். இலையிலிருந்து கசியும் மெத்தனாலைத் தின்று வாழும் பாக்டீரியா இது. பதிலுக்குச் சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளைத் தருகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும். லிட்டருக்கு 10 மில்லி. உயிருள்ள பொருள் என்பதால் பூச்சிமருந்தோடு கலக்காதீர்கள்.

பஞ்சகவ்யா? கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பியது, நம்ம ஊர்ச் சரக்கு. 10 லிட்டருக்கு 300 மில்லி. எனக்குப் பிடிக்கும், ஆனால் மண்ணில் ஈரம் இருக்கும்போதுதான் அடிப்பேன். வறட்சியில் காய்ந்து கிடக்கும் பயிருக்குப் பொட்டாஷ்தான் முதலில்.

ஊடுபயிர் உளுந்து, பாசிப்பயறு இருந்தால்

சாலிசிலிக் அமிலம் 100 பி.பி.எம். பூவுக்கு முன் ஒருமுறை, 15 நாள் கழித்து ஒருமுறை. பி.பி.எம். என்றதும் பயப்பட வேண்டாம்: ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் என்பது 1 பி.பி.எம். அப்படியானால் 10 லிட்டர் டேங்குக்கு ஒரு கிராம். பச்சைத்தண்ணீரில் போட்டால் மேலே மிதக்கும், சீக்கிரம் கரையாது. ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் கரைத்துவிட்டு டேங்கில் ஊற்றுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்டதற்காக இரண்டு விஷயம். கடையில் வாங்கிய சாயம் ஏற்றிய விதையை ஊறவைக்கலாமா? வேண்டாம். மேலே பூசிய மருந்து கழுவிக்கொண்டு போய்விடும். வீட்டு விதைக்குத்தான் இந்த முறை.

தெளித்த சோளத்தைப் பண்டம்பாடிக்கு (ஆடுமாடுகளுக்கு) போடலாமா என்பது இன்னொரு கேள்வி. அங்கே பயப்பட வேண்டியது தெளிப்புக்கு அல்ல. வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு விஷம் ஏறும், மாடு கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும். எந்தத் தெளிப்பும் அதை எடுத்துவிடாது. காய்ந்து கிடந்த பயிர் மழை பெய்து புதிதாகத் துளிர்க்கும்போது இன்னும் ஆபத்து. பூக்கும் வரை பண்டத்தைக் காட்டுக்குள் விடாதீர்கள். பக்கத்துக் காட்டுக்காரர் கயிறு அவிழ்த்து விடுபவர் என்றால் அவரிடமும் சொல்லி வையுங்கள்.