எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து மலைக்குத் திரும்பியவர்கள் சாப்பிடப் பழகும் முறை

நீலகிரியில் வாழ்பவர்கள் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பெரும்பாலும் கோயம்புத்தூருக்குத்தான் இறங்குகிறார்கள். மூன்று நான்கு நாட்களில் உணவு அட்டவணையும் மாத்திரைச் சீட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அட்டவணை சமவெளியில் வாழ்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. குளிரும், மூடுபனியும், நாளுக்கு ஐந்தாறு முறை குடிக்கும் தேநீரும், மேடேறி இறங்கும் வேலையும், மழையில் மண் சரிந்து அடைபடும் சாலையும் அதில் இடம்பெற்றிருக்காது. குன்னூரில் வாழ்ந்துகொண்டு, வயிற்றைச் சிறிதாக்கும் ஸ்லீவ் என்ற அறுவையைச் செய்துகொண்டு நான்கு ஆண்டுகளைக் கடந்தவள் என்ற முறையில், அந்த விடுபட்ட பகுதிகளை எழுதி வைக்க விரும்புகிறேன். உங்கள் அறுவை மருத்துவர் உங்களுக்கென்று சொன்னது இதற்கு மாறாக இருந்தால், அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

முதலில் திரும்பி வரும் பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. உடல் நன்றாக இருக்கும்போதே பலருக்குக் குமட்டும். புதிதாகத் தையல் போட்ட வயிற்றுடன் வாந்தி எடுப்பது நல்லதல்ல. அதனால் வாந்தியைத் தடுக்கும் மாத்திரையைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன் இருக்கையில் அமருங்கள். கல்லாறில் ஒருமுறையும் பாதி வழியில் ஒருமுறையும் வண்டியை நிறுத்தி, ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். அந்த நடை குமட்டலுக்கு மட்டுமல்ல, காலில் இரத்தம் உறையாமல் இருப்பதற்கும் உதவும். சமவெளியில் உறவினர் வீடு இருந்தால், முதல் மறுபரிசோதனை முடியும்வரை அங்கேயே தங்கிவிடுவதுதான் என் கருத்தில் மிகவும் பாதுகாப்பானது. தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்படுவதாக இருந்தால், அது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில்தான் வெளிப்படும். காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டும் நாடித்துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோளில் வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகிய இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பனி மூடிய இரவில் மலையிறங்குவது எவ்வளவு கடினம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

வயிற்றுக்கு என்ன நடந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். ஸ்லீவ் முறையில் வயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். பைபாஸ் முறையில் முட்டை அளவே உள்ள ஒரு சிறு பையை உருவாக்கி, அதைச் சிறுகுடலின் சற்றுக் கீழ்ப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். அதனால் கொள்ளளவு மட்டுமல்லாமல் சத்து உறிஞ்சப்படுவதும் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் மேல்பகுதி ஸ்லீவில் அகற்றப்பட்டுவிடுவதால், முதல் சில மாதங்களுக்குப் பலருக்குப் பசியே தெரியாது. சமவெளியில் வெயிலாவது தாகத்தை நினைவூட்டும். குளிரிலோ உடலுக்குத் தாக உணர்வும் மங்கிவிடுகிறது. பசியும் தாகமும் ஒருசேர அடங்கிவிட்ட ஓர் உடலுடன்தான் நாம் மலையேறி வருகிறோம். ஆகவே, வயிறு கேட்கும்போது கொடுக்கலாம் என்ற பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, கடிகாரம் பார்த்துச் சாப்பிடவும் குடிக்கவும் வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தவற்றில் தலையானது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஜூன் மாத மழையில் வீடு திரும்பிய நான், இரண்டாம் வாரத்தில் தாகம் இல்லை என்பதற்காக நாளுக்கு மூன்று டம்ளருக்கு மேல் எதுவும் குடிக்கவில்லை. சிறுநீர் கரும்பழுப்பாகப் போனதைப் பார்த்தும் மாத்திரையினால் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு காலையில் கட்டிலிலிருந்து எழுந்தபோது கண் இருட்டி, அலமாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலை வரை குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. அதன் பிறகு ஏற்படுத்திக்கொண்ட பழக்கத்தை இன்றுவரை விடவில்லை. காலையில் ஒன்றரை லிட்டர் வெதுவெதுப்பான நீரை மூன்று ஃபிளாஸ்குகளில் ஊற்றி, ஒன்றைச் சமையலறையிலும், ஒன்றைக் கட்டில் அருகிலும், ஒன்றைக் கைப்பையிலும் வைத்துவிடுகிறேன். தொடக்கத்தில் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பேசி ஒலிக்க, இரண்டு மிடறு மட்டும் குடிப்பேன். ஒரே மூச்சில் அரை டம்ளர் குடித்தாலும் நெஞ்சு அடைக்கும். சில்லென்ற நீரைவிட வெதுவெதுப்பான நீர் என்னைப் போன்ற பலருக்கு எளிதாக இறங்குகிறது. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பதே நல்ல அளவுகோல்.

உணவு படிப்படியாகத்தான் திரும்பி வரும். முதல் ஓரிரு நாட்கள் நீர், வடிகட்டிய சூப், சர்க்கரை இல்லாத தெளிந்த பானங்கள்; பின்னர் ஏறத்தாழ இரண்டு வாரம் முடியும்வரை பால், மோர், நன்கு வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புரதப் பொடி கலந்த பால்; மூன்றாம் நான்காம் வாரங்களில் மிக்ஸியில் அரைத்த உணவு; ஐந்தாம் ஆறாம் வாரங்களில் விரலால் நசுக்கினால் மசியும் மென்மையான உணவு; அதன் பிறகு மெல்ல மெல்ல வழக்கமான உணவு. மருத்துவமனைக்கு மருத்துவமனை நாட்கணக்கு சற்று மாறும். ஆனால் ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதிப்பதை எந்த மருத்துவரும் ஏற்க மாட்டார்.

இந்த வாரங்களில் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு கஞ்சி. உடம்பு முடியாதவருக்குக் கஞ்சி என்பது நம் கைப்பழக்கம். அதில் அன்பு இருக்கிறது, புரதம் இல்லை. அரிசிக் கஞ்சியும் ராகிக் கூழும் அந்தச் சிறிய வயிற்றை மாவுச்சத்தால் நிரப்பிவிட்டால், புரதத்துக்கு இடமே இருக்காது. நாளுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும். இல்லையென்றால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் ஆறரை கிராம், 50 கிராம் பனீரில் 9 கிராம், வெந்த கோழிக்கறி 50 கிராமில் 13 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு நாள் கணக்கைப் போடுங்கள். தொடக்கத்தில் உணவால் மட்டும் அந்த அளவை எட்ட முடியாது, பொடி தேவைப்படும். அதை வாங்கும்போது ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்பதை டப்பாவின் பின்புறத்தில் படித்துவிட்டு வாங்குங்கள்.

நம் மலையில் விளையும் கேரட், பீட்ரூட், நூக்கல் எல்லாம் அரைக்க எளிது, கண்ணுக்கும் அழகு. ஆனாலும் அவை இரண்டாம் இடத்துக்குரியவை, உருளைக்கிழங்கு அதற்கும் பின்னால். மாறாக, இங்கே விளையும் அவரை வகைகளும் பச்சைப் பட்டாணியும் நமக்கு உண்மையாகவே கைகொடுக்கும். அரைத்துண்ணும் கட்டம் வந்ததும், அவரைக் கொட்டையை இரவே ஊறவைத்து, தோலை உரித்து, குக்கரில் குழைய வேகவைத்து, சீரகமும் உப்பும் மட்டும் சேர்த்து மசித்து, ஒரு கரண்டி தயிருடன் கலந்து சாப்பிட்டுப் பாருங்கள். தோல் கட்டாயம் உரிக்கப்பட வேண்டும். அதுதான் அடைப்பைக் கொண்டுவரும். சைவ உணவுக்காரர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

எதைச் சாப்பிடுகிறோம் என்பதைப் போலவே எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். என் ஐந்தாம் வாரத்தில் முதல் இட்லி கிடைத்தது. அரை இட்லிதான், பழைய வேகத்தில் இரண்டு வாய் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குழியில் கல் உட்கார்ந்ததுபோல் இருந்தது. வாய் நிறைய வழவழப்பான நுரை ஊறிக்கொண்டே வந்தது. விழுங்கவும் முடியாமல், வாந்தியும் வராமல், பாத்திரம் கழுவும் தொட்டியின் முன் இருபது நிமிடம் குனிந்து நின்றேன். அப்படிச் சிக்கிக்கொண்டால் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள். நிமிர்ந்து நின்று மெல்ல நடந்தால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். அது வராமல் இருக்க, குழந்தைக்கு ஊட்டும் சிறு கரண்டியையும் சிறிய தட்டையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று, விழுங்கிய பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். ஒரு வேளை உணவுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் ஆகலாம். தட்டில் முதலில் புரதம், பிறகு காய்கறி, இடமிருந்தால் மட்டும் சோறோ இட்லியோ. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். போதும் என்பதை இனி வயிறு பழைய முறையில் சொல்லாது. சிலருக்கு விக்கல் வரும், சிலருக்கு மூக்கில் நீர் ஒழுகும், சிலருக்கு நெஞ்சில் இலேசான அழுத்தம் தெரியும். அந்த அடையாளம் தெரிந்ததும் அடுத்த வாய் வேண்டாம்.

இனிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வர்க்கி என்ற மொறுமொறுப்பான பிஸ்கட்டும் வீட்டுச் சாக்லேட்டும் இந்த ஊரின் அடையாளங்கள். விருந்தினர் வரும்போதெல்லாம் மேசைக்கு வந்துவிடும். பைபாஸ் செய்தவர்களுக்குக் குறிப்பாகவும், ஸ்லீவ் செய்தவர்களில் சிலருக்கும், இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கும்போது பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிசைவு, வயிற்றுப்போக்கு வரும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் வரலாம். எனவே சர்க்கரை போட்ட தேநீரையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேநீரைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது தேயிலை மலை. அறுவைக்குப் பிறகு இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது ஏற்கனவே குறைந்துவிட்டது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருட்கள் மீதமிருப்பதையும் தடுத்துவிடுகின்றன. மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இது இரட்டை இழப்பு. தேநீரை அடியோடு விடச் சொல்லவில்லை. மருத்துவர் அனுமதித்த பிறகு, உணவிலிருந்தும் இரும்பு மாத்திரையிலிருந்தும் ஒரு மணி நேரமாவது தள்ளி, சர்க்கரை இல்லாமல், சிறு டம்ளரில் குடியுங்கள். கால்சியம் மாத்திரையும் இரும்பைத் தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடவேண்டும். என் வீட்டில் இரும்பு மாத்திரை இரவு படுக்கும் முன்பும், கால்சியம் காலையிலும் பிற்பகலிலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றோடு பல சத்துகள் சேர்ந்த மல்டிவைட்டமின் மாத்திரையும், பி12-உம், வைட்டமின் டி-யும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாத ஊரில் வைட்டமின் டி-யை வெயிலிடம் விட்டுவிட முடியாது. தொடர்ந்து வாந்தி எடுப்பவர் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. தயாமின் என்ற பி1 குறைந்து, பார்வை இரட்டையாவதும், நடை தள்ளாடுவதும், மனக்குழப்பமும் ஏற்பட்டு, நிரந்தரப் பாதிப்பாகவும் முடியலாம்.

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டும். சீப்பில் பார்க்கும்போது நெஞ்சு பதறும். ஆனால் புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடுகிறது. உடல்கொழுப்பு குறையக் குறைய முன்னைவிட அதிகமாகக் குளிரும்; ஊட்டியின் ஜனவரி உறைபனிக்கு முன்பே கம்பளி உள்ளாடைகளைப் புதிய அளவில் வாங்கிவிடுங்கள். நடை நல்லது, முதல் நாளிலிருந்தே வேண்டும். ஆனால் ஆறு வாரம் வரை சமதளத்தில் நடந்து, பிறகு மேட்டுப் பாதைக்குப் போகலாம். ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் அந்த ஆறு வாரத்தில் தூக்கக் கூடாது. எஸ்டேட்டில் வேலை செய்யும் சகோதரிகள் கொழுந்து மூட்டை சுமக்கும் வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுவது நல்லது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரையும் அழுத்தமும் தாழ்ந்து மயங்கி விழக்கூடும். அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு எதிர்பாராமல் கூடுவதால், 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தடையைப் பற்றியும் அவரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்.

பந்தியில் உட்காருவதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. ஒரு கல்யாணத்தில் என் அத்தை இலையைப் பார்த்துவிட்டு, "கோழி கொத்தின மாதிரி வச்சுட்டு எழுந்திருக்கியேம்மா, சமையல் பிடிக்கலையா?" என்று கேட்டார். கூட்டத்தில் கண் கலங்கிவிட்டது. "வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கு அத்தை, இடம் இவ்வளவுதான் இருக்கு" என்று உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பரிமாறுபவரை அழைத்து, "இந்த இலைக்குப் பருப்பும் தயிரும் மட்டும் போடுப்பா" என்றார். அன்று முதல் நான் எங்கே போனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே ஒரு முட்டையோ பனீரோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், பந்தியில் கூட்டும் பொரியலும் ஒரு கரண்டி தயிரும் போதுமானதாக இருக்கும். முதலாண்டில் எடை வேகமாகக் குறையும். இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு பசி மெல்லத் திரும்பும், வயிறும் சற்று இளகும். முறுக்கும் மிக்சரும் கொறித்துக்கொண்டே இருந்தால் அவை தடையின்றி இறங்கி, குறைந்த எடையைத் திரும்பக் கொண்டுவந்துவிடும் என்பதை அந்த நாட்களில் நினைவில் வையுங்கள்.

இரத்தப் பரிசோதனை முதலாண்டில் 3, 6, 12-ஆம் மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் செய்யப்பட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலை மண்சரிவால் அடைபடுவது உண்டு. எனவே செப்டம்பர் முடிவதற்குள் பரிசோதனைக்கு இறங்கி, இரண்டு மாதத்துக்கான மாத்திரைகளையும் புரதப் பொடியையும் வாங்கிவந்துவிடுகிறேன். அறுவையின் பெயர், செய்த தேதி, மருத்துவரின் தொலைபேசி எண், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் கொடுக்கக் கூடாது, இரைப்பைக்குள் குழாய் செலுத்தும் முன் அறுவை மருத்துவரைக் கேட்க வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் சேர்த்துவிடுங்கள். அதன் ஒரு பிரதி கைப்பையில் இருக்கட்டும். இன்னொன்றை மாத்திரை அலமாரிக் கதவின் உட்புறத்தில், வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டி வையுங்கள்.