வேலையை விடுகிறேன் என்று சொல்வதற்கு முன்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப்புடவைப் பிரிவில், ஒன்பது ஆண்டுகள் நின்றேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தபோது எங்கள் தளத்துக்கும் நான்கு முக்காலிகள் வந்தன. ஒரே வாரத்தில் சூப்பர்வைசர் அவற்றின் மேல் புடவைப் பெட்டிகளை அடுக்கிவிட்டார். ஒருநாள் கெண்டைக்கால் நரம்பு புடைத்து வலி பொறுக்காமல், பெட்டிகளை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் முன்னால், "உட்காருவதற்கா உனக்குச் சம்பளம்?" என்று கத்தினார். கல்யாணப் பெண்ணின் அம்மா கையிலிருந்த புடவையை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

அன்று இரவே முடிவெடுத்துவிட்டேன். ஆனால் கடையை விட்டு வெளியே வந்தது மூன்று மாதம் கழித்துத்தான். அந்த மூன்று மாதமும் வாய் திறக்கவில்லை. நீங்களும் திறக்காதீர்கள்.

முதலில் சான்றிதழை வாங்குங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் அசலை வாங்கி வைத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. விலகல் பேச்சை எடுத்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் என் பிறந்த தேதி தவறாக இருந்தது. அதைத் திருத்தச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அது உண்மையான காரணமும்கூட.

அடுத்தது பி.எஃப். கணக்கு. பதிவு செய்த செல்போனிலிருந்து 99660 44425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியில் வரும். சம்பளத்தில் பிடித்த மாதமெல்லாம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கில் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். விடுபட்டிருந்தால் சம்பளச் சீட்டுகளுடன் சொக்கிகுளத்தில், லேடி டோக் கல்லூரி சாலையில் உள்ள வைப்பு நிதி அலுவலகத்துக்குப் போங்கள்.

பிறகு பணிக்கொடை, அதாவது பல ஆண்டு வேலை செய்ததற்காக விலகும்போது தரும் கிராஜுவிட்டி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் தொடர்ந்து ஐந்து ஆண்டு முடித்திருந்தால், நீங்களாக விலகினாலும் அது உங்கள் பணம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கு உரியது வரும். எனக்கு அந்த இரண்டும் சேர்த்து மாதம் 13,000 ரூபாய். ஆண்டுக்கு 7,500 வீதம் ஒன்பது ஆண்டுக்கு 67,500. இந்தக் கணக்கு தெரியாததால், கொடுத்த பத்தாயிரத்தைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போன அக்காக்களை நான் பார்த்திருக்கிறேன். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பண்டிகை முன்பணம் பாக்கி இருந்தால் அடைத்துவிடுங்கள். அவர்கள் பிடித்து நிறுத்த அந்த ஒரு பிடி போதும்.

கடிதம் நான்கு வரி இருந்தால் போதும்: பெயர், சேர்ந்த தேதி, கடைசி நாள், சேர வேண்டிய தொகைகள். மனக்குறையை அதில் கொட்டாதீர்கள். இரண்டு பிரதி எடுத்து, சூப்பர்வைசரிடம் அல்ல, முதலாளியிடமே கொடுத்து, ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். எனக்குப் போட மறுத்தார்கள். அன்றைக்கே விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினேன். சீருடைப் புடவை, அடையாள அட்டை திருப்பிக் கொடுத்ததற்கும் எழுதி வாங்கினேன். பணிக்கொடையை முப்பது நாளுக்குள் தர வேண்டும். இருபத்தெட்டாம் நாள் காசோலை வந்தது.

கை ஓங்கினாலோ, தப்பாகத் தொட்டாலோ இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அன்றே வெளியே வந்துவிடுங்கள். காகிதங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் பழைய கடையிலிருந்து ஒரு பெண் திருப்பரங்குன்றத்தில் என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, நாளைக்கே நின்றுவிடப் போகிறேன்" என்றாள். சேர்ந்து நான்கு ஆண்டு ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் ஏழு மாதம் பொறுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் காலும் புடைத்திருந்தது. இன்று விலகினால் எவ்வளவு, ஏழு மாதம் கழித்து விலகினால் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, பெரியார் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.