மே மாத இரவில் பால்வழியின் வயதைப் பார்ப்பது எப்படி

வானம் பார்க்க என்னோடு வரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அங்கே யாராவது இருப்பாங்களா?" நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். நீ பார்க்கிற இடத்துக்கு என்ன வயது? பாறைக்கோள் உருவாகத் தேவையான இரும்பும் சிலிக்கானும் அங்கே இருந்தனவா? பூமியில் நுண்ணுயிர்கள் தோன்றி 350 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. விலங்குகள் வந்தது கடைசி 60 கோடி ஆண்டுகளில்தான். அவசரப்பட்டு நடக்கும் காரியம் இல்லை இது.

மே மாத நடுவில், அமாவாசையை ஒட்டிய ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள். 10×50 பைனாகுலர் போதும். தெற்கு அடிவானம் மறையாத இடம் அவசியம். நான் ஜவ்வாது மலைப் பக்கம் போவேன்.

எட்டு மணிக்கு மேற்கே திரும்புங்கள். பூசம் ஒரு மங்கல் திட்டாகத் தெரியும். பைனாகுலரில் அது விண்மீன் கொத்து; வயது 60, 70 கோடிதான். அங்கே கோள்கள் இருந்தாலும் பேச ஆள் இருக்காது. அதிலிருந்து ஆயில்யத்தை நோக்கி இறங்கினால் பாதி வழியில் எம்67 என்ற இன்னும் மங்கலான கொத்து. அதன் வயது சுமார் 400 கோடி, கிட்டத்தட்ட நம் சூரியன் வயது. 2014இல் அங்கே கோள்களையும் கண்டுபிடித்தார்கள். பூசத்தைவிட இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன்.

பத்து மணிக்குத் தெற்கு. சித்திரை நட்சத்திரத்திலிருந்து நேர் கீழே, நீட்டிய கையின் முஷ்டியால் மூன்றரை அளவு இறங்குங்கள். பஞ்சு உருண்டை போல ஒன்று நிற்கும்: ஒமேகா செண்டாரி. சுமார் ஒரு கோடி விண்மீன்கள், வயது சுமார் 1200 கோடி. இவ்வளவு முதுமை இருந்தால் அறிவும் முற்றியிருக்கும் என்று தோன்றும். ஆனால் இத்தகைய கோளக் கொத்துகள், அதாவது விண்மீன்கள் உருண்டையாக நெருங்கிக் கிடக்கும் பழைய கொத்துகள், பிறந்தபோது இரும்பு, சிலிக்கான் போன்ற கன தனிமங்கள் மிகக் குறைவு. நெருக்கமும் அதிகம், பக்கத்து விண்மீன்கள் உரசிப்போனால் கோள்களின் பாதை கலைந்துவிடும். 1974இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து, அங்கே யாராவது இருந்தால் கேட்கட்டும் என்று செய்தி அனுப்பியது எம்13 என்ற இன்னொரு கோளக் கொத்துக்கு. அந்த முயற்சியை மதிக்கிறேன். ஆனால் முகவரி எழுதச் சொன்னால் நான் வேறு இடம் எழுதுவேன்.

முதுமை என்றாலே கைவிட்டுவிடவும் வேண்டாம். கெப்ளர்-444 என்ற விண்மீனுக்கு வயது சுமார் 1120 கோடி. பூமியைவிடச் சிறிய ஐந்து கோள்கள் அதைச் சுற்றுகின்றன.

நிறத்தை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள். தென்கிழக்கில் எழும் கேட்டை சிவப்புதான், ஆனால் எடை மிகுந்த விண்மீன் என்பதால் ஒன்றிரண்டு கோடி ஆண்டுகளிலேயே முடிவை நெருங்கிவிட்டது. உச்சிக்கு அருகே உள்ள செம்மஞ்சள் சுவாதிக்கோ 700 கோடி வயது.

நள்ளிரவு தாண்டியதும் தனுசு ஏறிவரும். பால்வழி அங்கே தடித்துத் தெரிவது மையப் புடைப்பு, அதாவது நடுவில் விண்மீன்கள் குவிந்து வீங்கிய பகுதி. பெரும்பாலும் 1000 கோடி வயதை ஒட்டிய விண்மீன்கள். கன தனிமத்துக்கும் பஞ்சமில்லை. சிக்கல், அருகருகே வெடித்துச் சிதறும் விண்மீன்கள், அதாவது சூப்பர்நோவாக்கள். லைன்வீவர் என்ற வானியலாளரின் குழு 2004இல் பால்வழியின் மையத்திலிருந்து சுமார் 23,000 முதல் 29,000 ஒளியாண்டு வரையான வளையத்தையே உயிருக்கு ஏற்றது என்றது. சூரியன் 26,000இல் இருக்கிறது. அந்த வளையத்து விண்மீன்களில் முக்கால்வாசி நம்மைவிட மூத்தவை, சராசரியாக 100 கோடி ஆண்டுகள். 2011இல் கோவன்லாக் என்ற இன்னொரு ஆய்வாளரின் குழு, வெடிப்புகளைக் கணக்கிட்டாலும் உள்பகுதியில்தான் வாழத்தக்க கோள்கள் அதிகம் என்றது. எனக்கு வளையத்தின் மீதே நம்பிக்கை: தனிமமும் வேண்டும், தொந்தரவில்லாத நீண்ட காலமும் வேண்டும்.

அப்புறம் ஒன்று. பத்து மணி வாக்கில் தெற்கே தாழ்வாக இரண்டு பிரகாசமான விண்மீன்கள் தெரியும். இடது பக்கம் இருப்பது ஆல்பா செண்டாரி: 4.4 ஒளியாண்டு தூரம், சூரியனைவிடச் சற்று மூத்தது, தனிமமும் நிறைந்தது. பிள்ளைகள் கேட்டால் முதலில் அதைக் காட்டுங்கள்.